சம்சாக்கடை அண்ணி

தந்தூர் அடுப்பின் உட்சுவரில் இறைச்சி மடித்த சம்சாவை அறைந்து ஒட்டும்போது மமாசிதிக் அண்ணனின் இடது கை நெற்றிக்குப் போய்விடும். அனலுக்காக என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அனலுக்குப் பயந்த சம்சாக்காரன் எங்கள் கோகந்து ஊரில் கிடையாது. அவர் மறைப்பது புருவத்தை. இரண்டு புருவமும் மூக்குக்கு மேலே ஒன்றாகச் சேர்ந்து, சிறகு விரித்த ஒரே பறவையாக, பச்சை கலந்த கறுப்பில் கிடக்கும். உஸ்மா இலைச்சாறு. கல்யாணப் பெண்கள் பூசிக்கொள்வது. பூசினால் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. நாடகம் வியாழக்கிழமை என்றால், சனிக்கிழமைச் சந்தைக்கும் அந்தப் பறவை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

தலைப்பாகையை எவ்வளவு இறக்கிக் கட்டினாலும் வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள்.

“அண்ணி, நாலு சம்சா குடு. கொழுப்பு கூடப் போடு.”

“கொழுப்பு உனக்கே வழியுது. வெங்காயம் கூடப் போடறேன், உக்காந்து கொஞ்சம் அழு.”

“அண்ணன் வீட்ல இல்லையா அண்ணி?”

“இருக்கான். தந்தூருக்குள்ள இருக்கான். எட்டிப் பாரு, நல்லாத் தெரியும்.”

கோபம் அவருக்கு வராது. வந்தாலும் மாவுக்குத்தான் தெரியும். மடித்த சம்சாவின் முதுகில் தண்ணீரைத் தடவி, உள்ளங்கையில் ஏந்தி, தோள்வரை அடுப்புக்குள் விட்டு ஓர் அறை. எடுத்த கை சிவந்திருக்கும். முழங்கைக்கு மேல்வரை அதில் ஒரு ரோமம் இருக்காது. மீசை அரும்பும் வயதிலிருந்து அடுப்பு தின்றுகொண்டே வந்திருக்கிறது.

அந்தக் கைதான் அவரை மேடைக்கு இழுத்துப் போனது. ஜார் ஆட்சியின் கடைசி வருஷங்களில், செய்தித்தாளும் கையுமாக அலைந்த சில இளைஞர்கள் அவர் கடையில் சம்சா தின்றுகொண்டே உலகத்தைத் திருத்துவார்கள். புதுமுறைப் பள்ளிக்கூடம் வேண்டும், பெண் பிள்ளைகளும் அதில் படிக்க வேண்டும் என்பார்கள். அவர்களில் முஹித்தின் என்பவர் ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தார். மகளைப் பள்ளிக்கு அனுப்பத் துடிக்கிற ஒரு தாய். குறுக்கே நிற்கிற அவள் கணவன். கணவன் வேஷத்துக்கு ஐந்தாறு பேர் சண்டை போட்டார்கள். தாய் வேஷத்துக்கு ஓர் ஆள் இல்லை. பெண் மேடையேறுவது அன்று யார் கனவிலும் இல்லை. பெண்ணாக ஏற எந்த ஆணுக்கும் மானம் இடம் தரவில்லை.

“சம்சாவை நீட்டறேன். அந்தாளு சம்சாவைப் பாக்கல, என் கையப் பாக்கறாரு,” என்பார் மமாசிதிக் அண்ணன். “‘அண்ணே, இது அப்படியே ஒரு அம்மா கை’ன்னாரு. எனக்கு அடிக்கறதா சிரிக்கறதான்னு தெரியல. அடிக்கலாம்னா கையில சம்சா. சிரிச்சுட்டேன். சிரிச்சதுதான் தப்பு, மாட்டிக்கிட்டேன்.”

தாடி போனது. தாடியோடு மசூதித் தெருவின் வியாபாரமும் போனது. மாமனார் பெருநாளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பின்பு ஜார் போனான், அவனுக்குப் பின் வந்தவர்களும் போனார்கள், இப்போது செங்கொடி. மாமனார் மட்டும் திரும்பி வரவில்லை.

நாடகக் கொட்டகையில் என் இடம் மேடை விளிம்பில் உள்ள கூண்டு. அதற்குள் குறுகி உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை. எல்லோரையும் பார்க்கலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். அங்கிருந்து எனக்கு முதலில் தெரிவது கால்கள். முதல் ஆட்டத்தில் மமாசிதிக் அண்ணனின் கால்களைப் பார்த்ததும் நான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டேன். தரையில் கிடந்த ரொட்டியை அவர் குனிந்து எடுக்கவில்லை. முழங்காலை மடித்து, நீளச் சட்டையின் ஓரத்தை முழங்காலுக்கடியில் செருகி, உட்கார்ந்து எடுத்தார். எடுத்த ரொட்டியைக் கண்ணில் ஒற்றிவிட்டு, எழும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றினார். கெட்ட செய்தி கேட்டபோது கத்தவில்லை; சட்டைக்கையின் நுனியைப் பல்லால் கடித்தார். பஞ்சு வியாபாரிகளும் சேணக்காரர்களும் நிறைந்த அந்த ஆண்கள் கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

பாராட்டினால் அவர் தலையை ஆட்டி மறுப்பார். “நான் எங்க நடிச்சேன் தம்பி? எங்க வீட்டு அனார்பிபி எப்படி இருப்பாளோ அப்படி இருந்தேன். சனங்க அழுதது எனக்கில்ல. அவளுக்கு.”

அனார்பிபி அவர் மனைவி. அண்ணனுக்குப் புருவம் பூசிவிடுவது அந்த அம்மாள்தான். அவருடைய பட்டுச் சட்டையைத்தான் அண்ணன் மேடையில் போட்டுக்கொள்வார். தோளில் தையலைப் பிரித்து, கீழே ஒரு பட்டை வைத்துத் தைத்து நீளமாக்கிக் கொடுத்திருந்தார் அந்த அம்மாள். எப்படி உட்காருவது, எப்படித் தட்டு நீட்டுவது, குழந்தையைத் தொடுமுன் விரலிடுக்கு மாவை எப்படித் தேய்த்து உதிர்ப்பது எல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் முடிவானவை. ஒப்பனை அறையில் அண்ணன் கண்ணாடி பார்ப்பதில்லை. “அவ பாத்தாச்சு, போதும்.” வேஷம் கட்டிய பிறகு உட்காரவும் மாட்டார். மற்ற நடிகர்கள் தேநீர்க் கிண்ணத்தோடு சப்பணமிட்டுக் கதையடிக்க, இவர் சுவரோரமாக நிற்பார். “அவ துணி இது. அத்தன ஆம்பளைங்க நடுவுல கொண்டுபோய் உக்கார வெப்பனா?”

ஊரிலுள்ள ஆண்களெல்லாம் அனார்பிபியைப் பார்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த அம்மாளின் நடை, அழுகை, ரொட்டியை எடுக்கும் விதம் எல்லாம் கோகந்துக்குப் பாடம். ஆனால் கொட்டகைக்குள் பெண்கள் வரக்கூடாது என்பதால், அனார்பிபி மட்டும் அதைப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்து அண்ணன் வீடு திரும்பும்போதும் கதவைத் திறந்தபடியே ஒரு கேள்வி வருமாம். “இன்னிக்கு எந்த எடத்துல அழுதாங்க?”

சொன்னால் போதவில்லை. ஒருமுறை முற்றத்தில் ஆடிக் காட்டினார். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். “விளக்கில்ல, சனமில்ல. எம் புருஷன் எஞ் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கறாரு, வேற எப்படி இருக்கும்ங்கறா. அவ சொல்றதும் சரிதானே தம்பி? ஊரு முன்னாடி நின்னாத்தான் அது வருது. தனியா வரமாட்டேங்குது.”

இன்னொருமுறை அனார்பிபியே துணிந்தார். அண்ணனின் அங்கியும் குல்லாவும் பூட்ஸும் மாட்டி, ஆணாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவது என்று ஏற்பாடு. தெருமுனைகூடத் தாண்டவில்லை. “அவளுக்கு ஆம்பள நட வரல. எதிர்ல கழுதக்காரன் வந்தான், இவ சட்டுனு சுவரப் பாத்து திரும்பி நின்னுட்டா. எந்த ஆம்பள அப்படி நிப்பான்? நான் பொம்பளையா நடக்கறேன், நீ ஆம்பளையா நடக்கமாட்டியான்னேன். ‘நீங்க கல்யாணமானதுலேருந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, நான் ஆம்பளைங்களை எங்க பாத்தேன்’னா.”

இதைச் சொன்ன அன்று ஒரு வரிசை சம்சா கருகிப்போனது.

சென்ற வசந்தத்தில் பெண்கள் மன்றத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பகல் ஆட்டம், பெண்களுக்கு மட்டும், முஹித்தினின் அதே நாடகம். முஹித்தின் இப்போது கொட்டகைக்குப் பொறுப்பாளர். செய்தியைக் கேட்ட மமாசிதிக் அண்ணன் அன்று வந்தவர்களுக்கெல்லாம் சம்சாவை இலவசமாகக் கொடுத்தார். வண்டிக்காரர்கள் “அண்ணிக்கு என்னவோ விசேஷம்” என்று வயிற்றைக் காட்டிக் கேலி செய்தார்கள். “ஆமாண்டா, பொறந்தா உன் பேரு வெக்கமாட்டேன்” என்று அதற்கும் சிரித்தார்.

மறுநாள் ஒத்திகையில் முஹித்தின் அவரைத் தனியே அழைத்துப்போனார். தனியே என்றால் என் கூண்டுக்கு மேலே.

“அண்ணே, பொம்பளைங்க ஆட்டத்துக்கு அம்மா வேஷம் ராஷிதா கட்றாங்க.”

ராஷிதா தொலைவிலுள்ள கசான் நகரத்திலிருந்து வந்து இங்கே பள்ளியில் பாடம் நடத்துகிறவர். தாத்தார் இனப் பெண். உரக்கச் சிரிப்பவர். முகத்திரை அணியாதவர்.

அண்ணனின் பூட்ஸ்கள் அசையவில்லை. “ஏன், என் வேஷத்துல என்ன கொற?”

“கொறையே இல்ல. ஆனா நீங்க ஆம்பளைன்னு ஊருக்கே தெரியும். மேடையில ஆம்பள நின்னா முன்னாடி உக்காந்திருக்கற பொம்பளைங்க முகத்திரையத் தூக்கமாட்டாங்க. அந்தக் குதிரமயிர்த் திரைக்குள்ளேருந்து அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு பொம்பள நின்னாத்தான் தூக்குவாங்க. புருஷன் வர்ற கொஞ்ச நேரம் மூடிக்கட்டும், போகட்டும். ஆம்பளைங்க ஆட்டத்துக்கு வழக்கம்போல நீங்கதான். இது ஒண்ணு மட்டும்.”

“எனக்கு வேண்டியதே அந்த ஒண்ணுதானே முஹித்தின்.”

“பொம்பளைங்க வெளிய வரணும்னு இத்தன வருஷமா மேடையில நின்னு அழுதது யாரு? நீங்கதானே! வந்துட்டாங்க.”

“வரட்டும். வேண்டாம்னா சொன்னேன்? அடுத்த வாரம் வரட்டும்.”

முஹித்தின் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. பூட்ஸின் நுனி பலகையில் ஏதோ ஒரு கோட்டைப் போட்டு, அதையே அழித்துக்கொண்டிருந்தது. இன்னொரு செய்தியும் இருந்தது. கணவன் வேஷம் கட்டுகிறவனை, அந்நியப் பெண்ணோடு மேடையில் நிற்கக்கூடாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும். எல்லா வசனமும் தெரிந்தவர் மமாசிதிக் அண்ணன் ஒருவர்தான்.

ஒப்புக்கொண்டார். ஒத்திகையில் ராஷிதா கீழே கிடந்த ரொட்டியை நின்றபடியே குனிந்து எடுத்தார். கசானில் அப்படித்தான் எடுப்பார்கள் போலும். அண்ணன் அந்தச் சமயத்தில் கொட்டகையின் கூரையைப் பார்த்தார்.

“அண்ணே, எம் மேல கோவமா?” என்று ராஷிதா நேராகவே கேட்டார்.

“உம் மேல எதுக்கும்மா? நீ வரணும்னுதான் நான் தாடிய எடுத்தேன்.”

ஆட்டத்தன்று காலை அவரை அழைத்துவர என்னை அனுப்பினார்கள். வெளிக்கதவுக்கு இப்பால் நின்றேன். உள்ளே முற்றத்தில் புருவம் பூசும் வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அசையாதீங்க. புருவம் ஆட்டுக்குட்டியாட்டம் துள்ளுது.”

“அனார், ஒரு விஷயம்…”

“பேசாதீங்க. சாறு கண்ணுல எறங்கும்.”

“இல்ல, இன்னிக்கு வந்து…”

“இன்னிக்கு நான் தூணோரமா உக்காந்துக்கறேன். முன்னாடி வேண்டாம். அங்க உக்காந்து அழுதா எல்லாரும் பாப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன், என்னப் பேச்சுக் குடுத்துக் கெடுக்காதேன்னு. எத்தன வருஷம்! ம், இப்ப இந்தக் கண்ண மூடுங்க.”

கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது புருவம் ஈரமாக இருந்தது. சந்தையைத் தாண்டும்போது, “நீ கேட்டியா?” என்றார். நான் காலைப் பார்த்து நடந்தேன். “கேட்ருப்ப,” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கொட்டகை வாசலில் தாஜிபிபி அக்கா காவல். ஆண்களின் குளியல்கூடத்துக்குள்ளேயே புகுந்து தன் கணவனை இழுத்துவந்தவர் என்று பேர். “மீசை மொளச்ச பூனையக்கூட உள்ள விடமாட்டேன்” என்று கத்திக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை பரஞ்சி போர்த்திய பெண்கள், குழந்தைகளை உள்ளுக்குள்ளேயே இடுக்கிக்கொண்டு, முகத்தின்மேல் கறுத்த குதிரைமயிர்த் திரை தொங்க, வந்துகொண்டே இருந்தார்கள். என் கூண்டின் பின்புறத்துக்கு ஒரு கம்பளித் திரை போட்டார்கள். நான் மேடையைத்தான் பார்க்கலாம். அரங்கு எனக்குச் சத்தம் மட்டும். அங்கே நடந்ததைப் பிறகு தாஜிபிபி அக்கா சொல்லித்தான் தெரியும்.

உள்ளே ஆண் இல்லை என்று உறுதியானதும் எல்லோரும் முகத்திரையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டுக்கொண்டார்கள். ராஷிதா மேடைக்கு வந்தார். எனக்குப் பின்னால், மழைக்கு முன் நாணல் சாய்வதுபோல் ஒரு பெரிய சரசரப்பு. அத்தனை திரையும் ஒன்றாகக் கீழே விழுந்தது.

எங்கள் யாருக்கும் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியிருந்தது. தாய் வேஷம் சம்சாக்காரர் என்று ஒவ்வொருத்தியும் வீட்டு ஆண்களிடம் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள்.

“அடி ஆத்தி, பொம்பளையாட்டமே இருக்கானே!”

“இடுப்பப் பாருடி. சம்சா திங்கற இடுப்பா அது?”

“நெஞ்சுல என்னடி, பஞ்சா?”

தாஜிபிபி அக்காவின் குரல் வாசலிலிருந்து பாய்ந்தது. “அடியே கிறுக்கிகளா, அது நெசப் பொம்பளைடி! கசான்லேருந்து வந்திருக்கா!”

“நீ சொன்னா ஆச்சா?”

ராஷிதா வசனத்தை நிறுத்தினார். மேடை விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, தலைக்குட்டையை அவிழ்த்து, பின்னலை எடுத்து என் கூண்டைத் தாண்டித் தொங்கவிட்டார். “யாராவது இழுத்துப் பாருங்க.”

யாரோ இழுத்தார்கள். பலமாகவே இழுத்திருக்க வேண்டும். ராஷிதா கசான் மொழியில் கத்தினார். “நெசந்தாண்டி!” என்று ஒரு குரல். பிறகு சிரிப்பு, சிரிப்போடு சிரிப்பாகத் திரைகள் மேலே போயின.

ஆனால் தூணோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி, மற்றவர்கள் இறக்கியபோது திரையை இறக்கவே இல்லையாம். மேடையில் நிற்பவரைத் தன் கணவன் என்றே நினைத்து வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள், பின்னலை இழுத்ததும்தான் முகம் சுருங்கி, எழுந்து, சத்தம் போட்டபடி தூண்வரை வந்திருந்த தாஜிபிபி அக்காவின் கையைப் பிடித்தாளாம்.

“அக்கா, அப்ப அவரு எங்க?”

“எவரு?”

“எங்க வீட்டுக்காரரு. சம்சாக்கட.”

“எனக்கென்ன தெரியும்? இவ ஆடறா இன்னிக்கு. உக்காந்து பாரு.”

“நான் அவரப் பாக்கத்தான் வந்தேன்” என்று சொல்லி, திரையை இறக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாளாம். வாசல் நெருக்கத்தில் ஒரு குழந்தைக்காரி பாயை விரித்து வழியை அடைத்திருந்தாள். அதனால் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

மேடையின் பக்கத்தில் மமாசிதிக் அண்ணன் காத்து நின்றார். கணவன் வேஷம், நரைத்த பொய்த்தாடி நெஞ்சுவரை. புருவத்தை மறைக்கத் தலைப்பாகையைக் கண்வரை இறக்கியிருந்தார்கள். இந்த வேஷத்தில் அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

அவர் கால் வைத்ததும் திரைகள் மறுபடி விழுந்தன. இந்தமுறை சிரிப்பில்லை. அவர் முன்னால் என்ன இருந்திருக்கும் என்று அவர் கண்ணை வைத்து ஊகித்தேன். வரிசைக்கு வரிசை கறுப்பு. ஒரு கண்ணோ ஒரு வாயோ இல்லை. அவர் பார்வை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாகப் போய்த் தூணிடம் நின்றது. அங்கும் கறுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“கதவ ஏன் தெறந்து போட்ருக்க?” என்றார். அது அவருடைய முதல் வசனம். மற்ற நடிகன் அதைக் கர்ஜிப்பான். இவர் சாதாரணமாகக் கேட்டார், சந்தையிலிருந்து வீடு வந்தவர் கேட்பதுபோல.

கம்பளித் திரைக்குப் பின்னால் அப்போது ஒரே ஒரு சரசரப்பு கேட்டது.

தூணருகில் நின்றவள் முகத்திரையை எடுத்துத் தலைக்குமேல் போட்டுவிட்டாள். பக்கத்திலிருந்தவள் பதறி அவள் கையைக் கிள்ளி, “அடியே, ஆம்பள நிக்கறாண்டி, மூடு!” என்றிருக்கிறாள்.

“எங்க ஆம்பளதான்” என்றாளாம் அனார்பிபி.

மேடையில் கதை நடந்தாக வேண்டும். அடுத்தது நாடகத்தின் முக்கியமான கட்டம். வாசலில் முகம் திறந்து நிற்கும் மனைவியைப் பார்த்துக் கணவன் கையை ஓங்கி, ‘மூடு முகத்தை!’ என்று கத்த வேண்டும். ராஷிதா முகத்தை நிமிர்த்தி அதற்காகக் காத்திருந்தார். அண்ணன் ராஷிதாவைப் பார்க்கவில்லை. அவர் கண் தூணைவிட்டு நகரவில்லை.

‘மூடு முகத்தை’ என்று எடுத்துக் கொடுத்தேன்.

தாடிக்கு மேலே அவர் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

‘மூடு முகத்தை’ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். ராஷிதா தன் கால் நுனியால் பலகையைத் தட்டினார். மேடைப் பக்கத்திலிருந்து முஹித்தின் எதையோ சைகை காட்டிக்கொண்டிருந்தார். அரங்கில் ஒரு குழந்தை அழத் தொடங்கி அதுவும் நின்றது.

ஓங்க வேண்டிய வலது கையை மமாசிதிக் அண்ணன் மெதுவாக உயர்த்தினார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். தன் வீட்டு வாசலுக்கு வந்த விருந்தாளியை வரவேற்பதுபோல, அந்த ஒரு திசையை நோக்கித் தலை தாழ்த்தினார். பொய்த்தாடி அவர் விரல்களின்மேல் கவிந்தது.